பாளைக்கும் செமஸ்டருக்கும் ஒரே மாதம்

பொறியியல் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுப் பனையேற வந்தவன் நான். கல்வியாண்டின் இரண்டாம் பாதியான ஈவன் செமஸ்டர் சனவரி வாக்கில் தொடங்கி மே மாதம் முடியும். பனையில் பாளை (பூங்குலை) வருவதும், பதநீர் இறக்குவதும், கருப்பட்டி காய்ச்சுவதும் ஏறக்குறைய அதே மாதங்கள்தான். தையில் மட்டை கழித்து மரத்தைச் சரிசெய்தால் மாசி, பங்குனி, சித்திரை, வைகாசி என்று ஓடி ஆனியோடு தொழில் முடிந்துவிடும். ஆடிக் காற்றில் மரத்தில் நிற்க முடியாது. பொறியியல் கல்லூரியில் தேர்வு எழுத 75 சதவீத வருகை வேண்டும். பனைக்கு ஒரு நாள்கூட விடுப்புக் கிடையாது. தினமும் பாளையின் நுனியைச் சீவாமல் விட்டால் அதன் வெட்டுவாய் காய்ந்து ஊறல் நின்றுபோகும். "சனி ஞாயிறு ஊருக்குப் போய் ஏறிக்கொள்ளேன், படிப்பை ஏன் விட வேண்டும்?" என்று நல்ல மனதோடு கேட்ட நண்பர்களுக்கு நான் சொன்ன பதில் இதுதான். இரண்டும் ஒரே மாதத்தில் முழு ஆளைக் கேட்கின்றன.

எங்கள் ஊர் வேம்பாருக்கும் சாயல்குடிக்கும் இடையில் இருக்கிறது. கடலுக்குப் பக்கம், மழை குறைவு, உடைமரமும் பனையும்தான் கண்ணுக்குத் தெரியும். 2019இல் இயந்திரவியல் படிக்க ஒரு தனியார் கல்லூரியில் சேர்ந்தேன். இரண்டாவது செமஸ்டர் பாதியில், 2020 மார்ச்சில், ஊரடங்கு வந்தது. விடுதியைக் காலி செய்துகொண்டு வீட்டுக்கு வந்தபோது பதநீர் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. பெரியப்பாவுக்குக் கீழே நின்று பதநீர் வாங்கிக்கொள்ளும் ஆள் வெளியூர். அவரால் வர முடியவில்லை. பெரியப்பா என்னைப் பார்த்து, "சும்மாதான இருக்க, வாடே" என்றார். போனேன். அடுத்த ஆண்டும் அதே மாதங்களில் இரண்டாம் அலை வந்தது, கல்லூரி மூடியே கிடந்தது. இப்படித்தான் நான் மரமேறக் கற்றேன். திட்டம் போட்டுச் செய்த காரியம் இல்லை.

ஏறுவதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வெளியிலிருந்து பார்ப்பவர்கள் அதுதான் கஷ்டம் என்று நினைக்கிறார்கள். மரத்தடியில் முருக்குத்தடியைச் சாய்த்து அதில் கால் வைத்துத் தொடங்க வேண்டும். இரண்டு கால்களையும் தளைநார் சேர்த்துப் பிடிக்கும். மரத்தை நெஞ்சோடு கட்டிக்கொண்டு, கால்களைத் தூக்கி வைத்து உந்தி, கையை மேலே மாற்றிப் பிடிக்க வேண்டும். முதல் சில வாரம் நெஞ்சிலும் முழங்கையின் உட்புறத்திலும் தோல் உரியும். குளிக்கும்போது எரியும். அப்புறம் காய்ப்புக் காய்த்துவிடும். பயம் ஏறும்போது வருவதில்லை. உச்சிக்குப் போய், மரத்தை விட்டு மட்டைக்குக் கை மாறும் அந்த இடத்தில்தான் வரும். எந்த மட்டை தாங்கும், எது காய்ந்து பிடியை விடும் என்பதைக் கை தொட்ட மாத்திரத்தில் சொல்ல வேண்டும். இருந்தாலும் இளவயதில், உடம்பு கொஞ்சம் திடமாக இருந்தால், ஏறுவதை ஒரு சீசனில் கற்றுக்கொள்ளலாம்.

சீவுவது அப்படி இல்லை. ஆண் பனையை நாங்கள் அலகுப் பனை என்போம், பெண் பனை பருவப் பனை. இரண்டுக்கும் பாளை வேறு, அதை நசுக்கும் மர இடுக்கியான கடிப்பும் வேறு. பாளையைக் கடிப்பால் மெதுவாக அழுத்தி, நார் போட்டுக் கட்டி, சில நாள் பக்குவப்படுத்தி, பிறகு நுனியைச் சீவிக் கலயத்தைக் கட்ட வேண்டும். அன்றிலிருந்து தினமும் சீவல்தான். ரொம்ப மெல்லிசாகச் சீவினால் வெட்டுவாய் திறக்காது, சொட்டு வராது. தடிமனாகச் சீவினால் அன்றைக்கு நன்றாக ஓடும். ஆனால் இன்னும் ஒரு மாதம் வர வேண்டிய பாளை பதினைந்து நாளில் தீர்ந்துவிடும்.

பெரியப்பா இதைச் சொல்லித் தரவில்லை. நான் மேலே சீவும்போது கீழே நின்றுகொண்டிருப்பார். நான் இறங்கி வருவதற்குள், விழுந்து கிடக்கும் சீவல்களைப் பொறுக்கி ஒவ்வொன்றாக வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். வெளிச்சம் ஊடுருவித் தெரிந்தால் பேசாமல் அடுத்த மரத்துக்கு நடப்பார். தெரியாவிட்டால், "எலே, நாளைக்கு உள்ளதையும் இன்னிக்கே சீவிட்டியே" என்பார். அரிவாள் பிடித்த கோணம், பாளையின் வயது, முந்தின நாள் காற்று எப்படி அடித்தது என்று அந்தத் துண்டைப் பார்த்தே அவருக்குத் தெரிந்துவிடும். நான் பணிமனையில் வெர்னியர் பிடித்து அளந்து பழகியவன். அளவு எடுக்கத் தெரியும். ஆனால் அந்தத் துண்டில் அவர் பார்த்ததில் பாதி எனக்கு இன்றைக்கும் பிடிபடவில்லை.

கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவுவதும் அப்படித்தான். குறைந்தால் பதநீர் புளித்துக் கள்ளாகிவிடும். தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை என்பதால் அது வழக்கில் போய் முடியும். கூடினால் கருப்பட்டி கறுத்து ருசி கெடும். இறக்கிய பதநீரை விடிலியில் (ஓலைக் குடிசையில்) பெரியம்மா காய்ச்சுவார். நுரை பொங்கி வரும்போது ஆமணக்கு விதையைத் தட்டிப் போடுவார், நுரை அடங்கும். பாகு திரளும் நேரத்தில் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு, விரலால் உருட்டிப் பார்த்து, பதம் வந்தால் இறக்கிச் சிரட்டைகளில் ஊற்றுவார். சில நிமிடம் தாமதித்தால் அந்த நாள் உழைப்பு முழுக்க வீண். பனையேறுதல் என்று ஆண்களை மட்டும் வைத்துப் பேசுகிறோம். பெரியம்மாவின் கை இல்லையென்றால் பெரியப்பா ஏறியதற்கு ஒரு பலனும் இல்லை. தனியாளாக இந்தத் தொழிலுக்கு வர நினைப்பவர்கள் இதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும்.

2021 கடைசியில் கல்லூரி திறந்ததும் திரும்பிப் போனேன். படிப்பு பிடிக்காமல் வெளியே வந்தேன் என்று சொன்னால் அது உண்மையல்ல. லேத்தில் நிற்பது எனக்குப் பிடிக்கும். பொருள்களின் வலிமை பற்றிய பாடம் பிடித்தது. ஒரு பனை காற்றில் எப்படி வளைகிறது என்பதை அந்தப் பாடத்தை வைத்து யோசித்துப் பார்த்திருக்கிறேன். எனக்குப் பாடம் எடுத்த ஆசிரியர்களில் இரண்டு பேர் அருமையானவர்கள். கல்லூரி மேல் கோபம் இருந்திருந்தால் முடிவெடுப்பது எளிதாக இருந்திருக்கும்.

என்னை அரித்தது வேறு. அந்த ஆண்டு தமிழ்நாடு அரசு முதன்முதலாகத் தனியாக வேளாண் நிதிநிலை அறிக்கை போட்டது. அதில் பனைக்கென்று ஓர் இயக்கம் அறிவித்தார்கள்: 76 லட்சம் பனை விதைகள் கொடுப்பது, மரத்தை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி கட்டாயம், நியாயவிலைக் கடைகளில் கருப்பட்டி. எல்லாம் நல்ல காரியங்கள். உடன்குடிக் கருப்பட்டிக்குப் பின்னால் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் இன்றைக்கு நட்ட விதை பாளை விட ஏறக்குறைய பதினைந்து ஆண்டாகும். அப்போது அந்த மரங்களில் யார் ஏறுவார்கள்? எங்கள் ஊரில் தொழில் செய்துகொண்டிருந்தவர்களில் நாற்பது வயதுக்குக் கீழே ஒருவர்கூட இல்லை. பெரியப்பாவுக்கு அறுபது தாண்டிவிட்டது, வலது முழங்கால் மடங்க மறுத்தது. "இன்னும் ரெண்டு வருசம் ஏறுவேன், அப்புறம் சாமி விட்ட வழி" என்று அவரே சொல்லிக்கொண்டிருந்தார். அவர் கையிலிருப்பது எந்தப் புத்தகத்திலும் இல்லை. காணொளி எடுத்து வைக்கலாம் என்றார் ஒரு நண்பர். எடுத்தும் பார்த்தேன். அரிவாள் போவது தெரிகிறது, எவ்வளவு அழுத்துகிறார் என்பது தெரியவில்லை.

அப்போதுதான் கேள்வியை மாற்றிப் போட்டேன். படிப்பா பனையா என்று கேட்டுக்கொண்டிருந்தவரை இரவு முழுக்கப் புரண்டு படுத்ததுதான் மிச்சம். இரண்டில் எது எனக்காகக் காத்திருக்கும் என்று கேட்டேன். எங்கள் பல்கலைக்கழக விதிப்படி நான்காண்டுப் படிப்பை முடிக்க ஏழு ஆண்டு அவகாசம் உண்டு. காரணம் சொல்லி, முதல்வர் வழியாக விண்ணப்பித்து, ஓராண்டு இடைவெளியும் எடுக்கலாம். இதை யாரும் மாணவர்களிடம் சொல்வதில்லை. விதிமுறைப் புத்தகத்தை நாமாகத் தேடிப் படித்தால்தான் தெரியும். 2019இல் சேர்ந்தவனுக்கு 2026 வரை நேரம் இருந்தது. பெரியப்பாவின் முழங்காலுக்கு அந்த அவகாசம் இல்லை.

சரி, இதை வீட்டில் சொல்ல வேண்டுமே.

அப்பாவின் தரப்பை நான் முழுசாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. அப்பா பத்தாவது வரை படித்தவர். அவர் படிக்கட்டும் என்றுதான் பெரியப்பா பதினாலு வயதில் அரிவாள்பெட்டியை இடுப்பில் கட்டினார். அப்பா சென்னையில் மளிகைக்கடையில் மூட்டை தூக்கி, பொட்டலம் மடித்து, பிறகு ஊரில் சின்னதாகக் கடை வைத்தவர். எங்கள் ஆட்கள் மரத்திலிருந்து இறங்கியது பள்ளிக்கூடத்தின் தயவால். அதற்கு முன்னால் பட்ட அவமானமெல்லாம் வீட்டில் யாரும் விலாவாரியாகப் பேச மாட்டார்கள், ஆனால் எல்லோருக்கும் தெரியும். நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே "பனையேறி" என்பதை வசவாகச் சொன்ன பையன்கள் இருந்தார்கள். அதுபோக, என் சின்னத் தாத்தா மரத்திலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் பல வருடம் திண்ணையில் கிடந்து இறந்தவர். அப்பா சிறுவனாக இருந்தபோது அவருக்குக் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார்.

"மரத்த விட்டு எறங்குறதுக்கு மூணு தலமொற ஆச்சுல. நீ ஒரே நாள்ல ஏறிட்டா அதெல்லாம் என்னத்துக்கு?" என்று கேட்டார். கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குப் பதில் சொல்ல வந்திருக்கும்.

அம்மா வேறொன்றைச் சொன்னார். முதல் பட்டதாரிச் சான்றிதழ் வாங்கித்தான் நான் கல்லூரியில் சேர்ந்தேன். கல்விக் கட்டணத்தில் ஒரு பகுதியை அரசு ஏற்கும். அந்தச் சலுகை ஒரு குடும்பத்தில் ஒரு பிள்ளைக்குத்தான். எனக்குக் கிடைத்துவிட்டால் தங்கைக்குக் கிடையாது. "அவ பங்கையும் சேத்துத்தான நீ வாங்கியிருக்க" என்றார் அம்மா. மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் எனக்குக் கனமாக இருந்தது. படிப்பை விடுவது என் சொந்த விஷயம் என்று நகரத்துப் பையன் ஒருவன் சொல்லிவிட முடியும். எங்கள் மாதிரி வீடுகளில் ஒருவனின் படிப்புக்குப் பின்னால் இன்னொருத்தியின் பங்கும் இருக்கிறது. தங்கையின் கட்டணத்தை நான் கட்டுவேன் என்று அன்றைக்குச் சொன்னேன். அதற்கு முன்னால் பணக் கணக்கை உட்கார்ந்து போட்டுப் பார்த்திருந்தேன்.

அந்தக் கணக்கை இங்கேயும் தருகிறேன். திறமையான ஆள் ஒருவர் சீசனில் முப்பது நாற்பது மரம் பார்ப்பார். எட்டு முதல் பத்து லிட்டர் பதநீருக்கு ஒரு கிலோ கருப்பட்டி. சித்திரை உச்சத்தில் நல்ல நாளில் ஏழெட்டுக் கிலோ எடுக்கலாம். சீசன் தொடக்கத்திலும் முடிவிலும் அதில் பாதி. சர்க்கரை கலக்காத கருப்பட்டியை நேரடியாக விற்றால் கிலோ 400 ரூபாய் கிடைக்கும். வியாபாரியிடம் போட்டால் அதைவிட நன்றாகவே குறையும். மரம் சொந்தமில்லையென்றால் பாட்டம் (குத்தகை) கொடுக்க வேண்டும், விறகு வாங்க வேண்டும். இவ்வளவும் போக, ஏறுபவர் ஒருவர், காய்ச்சுபவர் ஒருவர் என்று இரண்டு பேர் உழைப்புக்கு ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் நின்றால் நல்ல ஆண்டு. என்னோடு படித்தவர்கள் ஒரு ஆளாக மூன்று லட்சம், மூன்றரை லட்சம் சம்பளத்தில் வேலைக்குச் சேர்ந்தார்கள். இந்த வித்தியாசத்தை யாரும் மூடி மறைக்கக் கூடாது.

இன்னும் பெரிய சங்கதி, மீதி ஆறு மாதம். ஆடியிலிருந்து மார்கழி வரை மரமேற்றம் இல்லை. அந்த மாதங்களில்தான் பனையேறிகள் வியாபாரியிடம் முன்பணம் வாங்குவார்கள். முன்பணம் வாங்கியவர் அடுத்த சீசன் கருப்பட்டியை அவருக்குத்தான் போட வேண்டும், அவர் சொல்லும் விலைக்கு. பெரியப்பா வாழ்நாள் முழுக்க அந்தச் சுற்றுக்குள்ளேயே இருந்தார். தொழில் தெரிந்தவர் ஏழையாக இருப்பதற்குத் தொழில் காரணமில்லை, அந்த ஆறு மாதம்தான் காரணம். அதை மாற்ற முடியாவிட்டால் நான் வந்து ஒரு பிரயோசனமும் இல்லை என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. ஆவணியில் விழும் பனம்பழத்தைப் பொறுக்கி விதை போட்டால் தைப் பொங்கலுக்குக் கிழங்கு வரும். ஓலையும் நாரும் இருக்கிறது. இவற்றோடு, நான் கல்லூரியில் கற்றது எனக்குச் சோறு போட்டது: பக்கத்து ஊர்களில் மோட்டார், பம்புசெட் பழுது பார்க்கப் போனேன். இன்றும் போகிறேன். முன்பணம் வாங்காமல் ஓர் ஆண்டைக் கடந்ததே எனக்குப் பெரிய ஆறுதல்.

அப்பா கடைசியில் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். இடுப்பில் கயிறு கட்டாமல் ஏறக் கூடாது. பெரியப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. கயிறு மரத்தைச் சுற்றி ஒவ்வொரு எட்டுக்கும் தூக்கிப் போட வேண்டும், மட்டைக்குள் போகும்போது அவிழ்த்து மாற்ற வேண்டும், நேரம் இழுக்கும். உண்மைதான். அதனால் என்னால் அவர் பார்த்த அத்தனை மரங்களைப் பார்க்க முடிவதில்லை, வருமானமும் அந்த அளவுக்குக் குறைவு. ஆனாலும் கட்டுகிறேன். அப்பாவுக்குக் கொடுத்த வாக்கு அது. அதோடு, பனைமரத் தொழிலாளர் நல வாரியத்தில் பெயரைப் பதிந்துகொண்டுதான் சீசனைத் தொடங்கினேன். தொழிலுக்கு வரும் எவரும் இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

மூன்றாம் ஆண்டு முடிந்ததும் இடைவெளிக்கு விண்ணப்பித்தேன். முழு சீசன் ஏறினேன். ஊரடங்கில் ஏறியதற்கும் இதற்கும் நிறைய வித்தியாசம். அப்போது எப்படியும் கல்லூரி திறந்துவிடும் என்று மனதின் ஓரத்தில் ஒரு எண்ணம் இருந்தது. இந்த முறை வைகாசி வெயிலில், முழங்கை ரணமாகி, இரண்டு கலயம் கைதவறிப் போட்டு உடைத்த ஒரு சாயங்காலத்தில், இதைத்தான் அடுத்த ஆண்டும் செய்ய வேண்டும் என்று நினைத்துப் பார்த்தேன். வெறுப்பு வரவில்லை. அடுத்த நாள் எந்த மரத்தில் எந்தப் பாளையைக் கட்ட வேண்டும் என்றுதான் யோசனை ஓடியது. அந்தச் சாயங்காலத்தைத்தான் நான் நம்பினேன். விடியற்காலையில் உச்சியிலிருந்து கடல் தெரிவதை நம்பி யாரும் முடிவெடுக்கக் கூடாது. அது எல்லோருக்கும் பிடிக்கும்.

இடைவெளி முடிந்து நான் கல்லூரிக்குத் திரும்பவில்லை. அசல் சான்றிதழ்களைக் கேட்டபோது மீதி ஆண்டுக்கான கட்டணத்தையும் கட்டச் சொன்னார்கள். சேர்ந்த மாணவரின் அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் அறிவித்திருக்கிறது. அந்த அறிவிப்பை அச்செடுத்து எழுத்துமூலம் மனு கொடுத்தேன், அலைந்தேன், கொடுத்துவிட்டார்கள். இதே சிக்கலில் இருக்கும் மாணவர்கள் வாய்ப்பேச்சோடு விடாமல் எழுத்தில் கேளுங்கள்.

பெரியப்பா இப்போது ஏறுவதில்லை. மரத்தடியில் உட்கார்ந்து சீவல்களைப் பொறுக்குகிறார். தங்கை கணினி அறிவியல் படிக்கிறாள். முதல் இரண்டு ஆண்டுக் கட்டணத்தில் பெரும்பகுதி கருப்பட்டிப் பணம், மீதி பம்புசெட். எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி அவளாகத்தான் இருப்பாள். அப்பாவுக்கு இன்னும் முழு சம்மதம் இல்லை. கடையில் என் கருப்பட்டியை வைத்து விற்கிறார், யார் காய்ச்சியது என்று கேட்டால் அண்ணன் பெயரைச் சொல்கிறார். எனக்கு அதில் வருத்தம் உண்டு. அவரை வற்புறுத்தவில்லை.

படிப்பை விட்டுவிட்டு வரலாமா என்று கேட்டு மாணவர்கள் அடிக்கடி எழுதுகிறார்கள். எல்லோருக்கும் ஒன்றைத்தான் சொல்கிறேன்: கல்லூரியில் எதையும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடாதீர்கள். இடைவெளி விதியைப் படியுங்கள், வீட்டில் உங்கள் படிப்போடு யாருடைய பங்கு சேர்ந்திருக்கிறது என்று கேளுங்கள், சீசன் இல்லாத மாதத்தில் எதை வைத்துச் சாப்பிடுவீர்கள் என்று எழுதிப் பாருங்கள். போன ஆண்டு திருப்பூர்ப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி வந்திருந்தான். நல்ல உழைப்பாளி, மூன்று வாரம் இருந்தான், மரத்தைப் பார்த்துப் பயப்படவே இல்லை. ஆனால் மதிய நேரத்தில் செய்ய ஒன்றுமில்லாமல் விடிலியில் உட்கார்ந்திருப்பது அவனால் ஆகவில்லை. திரும்பிப் போய்த் தேர்வெழுதினான். அவன் இங்கே வந்ததும் சரி, திரும்பிப் போனதும் சரி.

இந்தத் தையில் மட்டை கழிக்கத் தொடங்குவோம். பக்கத்துத் தோட்டத்தில் ஏறாமல் விட்ட மரங்களைப் பாட்டத்துக்குக் கேட்டிருக்கிறேன். கிடைத்தால் எனக்கு இன்னொரு ஆள் வேண்டும். முதல் மாதம் கீழே நின்று பதநீர் வாங்குவதும் விறகு சுமப்பதும்தான் வேலை, தங்க இடமும் பெரியம்மா சமையலும் உண்டு. வர நினைப்பவர்கள் மார்கழிக்குள் சொல்லிவிடுங்கள். வீட்டில் சொல்லிவிட்டு வாருங்கள்.